ஓனர் இல்லாத ஊரின் ஓனர்

ஒரகடத்தை ஒட்டிய வடக்குப்பட்டில் நான் குடியிருந்த மாடி அறையின் சொந்தக்காரரை நாங்கள் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் ஓனர். முகத்துக்கு நேரே ஓனர் அண்ணே. என் அறைத்தோழன் செல்வின் நாசரேத்துக்காரன். வந்த புதிதில் பழக்கதோஷத்தில் "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுவிட்டான். "நான் இன்னா மளிகைக் கடையா வச்சிக்கினு கீறேன்?" என்று அவர் போட்ட போட்டில் அந்த வார்த்தை அன்றோடு அந்த வீட்டை விட்டுப் போய்விட்டது.

ஐம்பதை ஒட்டிய வயது. வெள்ளை பனியன், மடித்துக் கட்டிய லுங்கி, குளித்ததும் பூசி மதியத்துக்குள் வியர்வையில் கரைந்துவிடும் விபூதி. அவருடைய நிலத்தில் பெரும்பகுதி ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவருக்குள் போய்விட்டது. மிச்ச இடத்தில் மூன்று தளம் எழுப்பி, அறை அறையாகத் தடுத்து, தென்மாவட்டத்துப் பையன்களைக் குடிவைத்திருந்தார். நிலம் போனதில் வருத்தமில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "நெல்லு நம்மளைக் கேட்டா மொளைக்குது? அதுபாட்டுக்கு மொளைக்கும். பசங்கன்னா ஒரு வார்த்தை கேப்பானுங்க" என்றார். விவசாயத்தைப் பற்றி அவர் சொல்லி நான் கேட்ட ஒரே கருத்து அது.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். "என்னைக் கேட்டியா?" மொட்டைமாடியில் புதிதாகக் கொடி கட்டினால் கேட்பார். பைக்கை வேப்பமரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நிறுத்தினால் கேட்பார். கோவில்பட்டியிலிருந்து மகனைப் பார்க்க வந்த ஓர் அம்மா, விடிந்ததும் கை சும்மா இருக்காமல் படிக்கட்டு வாசலில் கோலம் போட்டுவிட்டார். "கோலம் போட யாரைக் கேட்டாங்க?" என்று ஓனர் அந்த மகனைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா பதறிப்போய் வந்து, "நாளைக்கும் போடட்டுமா தம்பி?" என்றதும், "தாராளமா போடுங்கம்மா, கலர் மாவு கூட கீது உள்ள" என்று ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அதுதான் வேடிக்கை. கேட்டால் அவர் எதற்கும் இல்லை என்று சொன்னதே கிடையாது. தம்பி வந்து ஒரு மாதம் தங்கலாமா, தங்கலாம். மொட்டைமாடியில் பிறந்தநாள் கொண்டாடலாமா, கொண்டாடலாம், எனக்கும் ஒரு துண்டு கேக்கு வை. கேட்காமல் ஒரு ஆணி அடித்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

இப்படிப்பட்டவரின் வீட்டில்தான் ஓனரே இல்லாத ஒன்றைச் செல்வின் ஆரம்பித்தான்.

அவன் ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தான். நான் வேறொரு கம்பெனியில் குவாலிட்டி. எங்களைப் போன்றவர்கள் பேசிக்கொள்வதற்கு ஒரு பெரிய கம்பெனியின் ஆப்பில் குரூப் ஒன்று இருந்தது. அதில் ஒருவன் லீவு கிடைக்காததைப் பற்றி எழுதினான், மறுநாள் எச்.ஆர். அவனைக் கூப்பிட்டு அதையே படித்துக் காட்டினார்கள். யார் போட்டுக்கொடுத்தது என்று தெரியாமல் குரூப்பே ஊமையாகிவிட்டது. அப்போதுதான் செல்வின் படிக்கட்டில் உட்கார்ந்து எனக்கு விளக்கினான்.

"எல்லாரும் ஒரே கம்பெனிக்காரன்ட்ட கணக்கு வச்சிருந்தா அவன் வச்சதுதாம்ல சட்டம். இது அப்படிக் கெடையாது. நம்ம ஒரு சர்வர் வச்சிக்கிடலாம். மதுரையில ஒருத்தரு வச்சிருக்காரு, கேரளாவுல ஒருத்தன் வச்சிருக்கான். நம்ம எழுதுறத அவங்க பாக்கலாம், அவங்க எழுதுறத நம்ம பாக்கலாம். ஒவ்வொரு சர்வருக்கும் அவங்கவங்க சட்டம். மொத்தத்துக்கும் ஓனர்னு ஒருத்தனும் கெடையாது."

"யார்றா அது ஓனர் இல்லைன்றது?" என்று கீழ்ப்படியிலிருந்து குரல் வந்தது.

அவருக்கும் முதலிலிருந்து விளக்க வேண்டியதாயிற்று. லுங்கியை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். பிறகு தெளிவுபடுத்திக்கொண்டார். "பொட்டி எங்க வைப்பே?" "இங்கதான் அண்ணே, தண்ணித் தொட்டிக்குக் கீழ உள்ள ரூம்புல." "கரண்ட்டு யாருது?" "உங்களுது." "அப்போ ஓனரு யாரு?"

செல்வின் என்னைப் பார்த்தான். "நீங்கதான் அண்ணே."

"அத்த சொல்லு மொதல்ல. உள்ள வர்றவன் ஒருத்தன் விடாம என்னைக் கேட்டுட்டுத்தான் வரணும்."

அதற்கும் அந்த மென்பொருளில் வழி இருந்தது. புதிதாகக் கணக்குத் திறப்பவர்கள் அனுமதி கிடைக்கும்வரை வாசலில் காத்திருப்பார்கள். அனுமதிக்கும் அதிகாரத்தையும், புகார் வந்தால் பதிவை நீக்கும் அதிகாரத்தையும் செல்வின் அவர் போனில் போட்டுக்கொடுத்தான். ஒரு வாரத்தில் சலித்துவிடுவார் என்று எங்களுக்கு நம்பிக்கை. உலகம் முழுக்க சர்வர் நடத்துகிறவர்கள் அந்த வேலையில்தான் வெறுத்துப்போய் இழுத்து மூடுகிறார்கள் என்று செல்வின் சொல்லியிருந்தான். எங்கள் ஓனரோ அதற்காகவே பிறந்தவர்போல் உட்கார்ந்துவிட்டார். கணக்குக் கேட்கிற ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு எந்த ஊர், எந்தக் கம்பெனி, யார் சொல்லி வந்தாய் என்று விசாரித்தபிறகே கதவைத் திறப்பார். சர்வருக்கு 'மாடி' என்று பெயர் வைத்தோம். மாடியில் குடிவந்தவர்களுக்குப் பெயர் வேறு ஏதும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் பெண்கள் விடுதியிலிருந்து வந்தார்கள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர்கள் வந்தார்கள். எந்த பஸ் தாமதம், எந்த லைனில் ஓ.டி., யாருடைய அடையாள அட்டை எந்த டீக்கடையில் கிடக்கிறது, நடுவில் கவிதைகள். குன்றத்தூரிலிருந்து வரும் ஒருவன் தினமும் மலைக்கோயில் கோபுரத்தை ஒரே கோணத்தில் படமெடுத்துப் போடுவான். கோபுரத்துக்கும் அனுமதி வாங்கித்தான் சேர்ந்திருந்தான்.

புரட்டாசி வந்தது. அந்தப் பக்கத்தில் மாதம் முழுக்க வீடுகளில் கவிச்சி கிடையாது. தெற்கத்திப் பையன்களுக்கு அதெல்லாம் பெரிதாகப் பழக்கமில்லை; வெளியில் சாப்பிட்டுவிட்டு வருவோம், அவர் கண்டுகொள்ள மாட்டார். ஆனால் மாடியில் மட்டன் பிரியாணிப் படம் வந்ததும் கண்டுகொண்டார். "என் வூட்டுல புரட்டாசில பிரியாணியா?" என்று சர்வருக்கும் சட்டம் போட்டார். எங்கள் படங்கள் போயின. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒருநாள் ஒரு மீன்குழம்புப் படத்தைக் காட்டி, இதை நீக்கினால் மறுபடி வருகிறதே என்றார்.

"இது நம்ம ஆளு இல்லண்ணே, கேரளா சர்வருல உள்ளவரு. இங்க மறைக்கலாம், அங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றான் செல்வின்.

"அவங்க ஓனரு யாரு?"

"மீனு போட்ட இவரேதாம்ணே."

"கேட்டுப் பாரு."

வேறு வழியின்றிச் செல்வின் அந்த மலையாளிக்கு ஆங்கிலத்தில் எழுதினான்: எங்கள் ஹவுஸ் ஓனர் ஒரு மாதத்துக்கு மீன் பார்க்க விரும்பவில்லை, மன்னிக்கவும். அந்த மனிதருக்கு என்ன தோன்றியதோ, அன்று முதல் தன் மீன்குழம்புகளை எல்லாம் திரை போட்டு மூடி, திரைக்கு மேல் 'புரட்டாசி' என்று தமிழில் எழுதிவைத்தார். தொட்டால்தான் மீன் தெரியும். ஓனருக்குத் தலைகால் புரியவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் போனை நீட்டினார். "கேட்டா செய்றான் பாரு மனுசன்!"

அந்தப் பெருமை ஊருக்குள் பரவியபோது வேறு மாதிரி பரவியது. இன்டர்நெட்டில் வருவதையெல்லாம் எடுக்கவும் வைக்கவும் இவரால் முடியும் என்று பேச்சு. பஞ்சாயத்துக் கூட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிய ஒரு பிரமுகரின் வீடியோ, எங்களுக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு பெரிய ஆப்பில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நேராக இவரிடம் வந்தார். ஓனர் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, முழு வீடியோவையும் அவரோடு சேர்ந்து பார்த்துவிட்டு, "சொல்லிப் பாக்கறேன்" என்றார். சில நாளில் ஊர் வேறு வீடியோவுக்குப் போய்விட்டது. பிரமுகர் ஒரு குலை இளநீரோடு வந்து நன்றி சொன்னார்.

"அது வேற கம்பெனிண்ணே, நம்ம ஒண்ணுமே செய்யலியே" என்றேன்.

"எனுக்குத் தெரியாதா? கேட்டு வந்தவனை இல்லைன்னு எப்படிப்பா அனுப்புறது? குடி, வெயிலுக்கு நல்லது."

மாடிக்குள் அவர் பதிவுகளை நீக்கியது குறைவு. சினிமா நடிகர்களுக்காக விருதுநகர்ப் பையன் ஒருவனும் அரக்கோணத்துப் பையன் ஒருவனும் அம்மா அக்காவையெல்லாம் இழுத்துச் சண்டை போட்டபோது, இரண்டு பேரையும் ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்னார். அவர் மனைவி, எங்களுக்கு ஓனரம்மா, டீ கொடுத்தார். "நீ எழுதுனதை நீயே படி, அவன் எழுதுனதை அவன் படிக்கட்டும்" என்றார் ஓனர். விருதுநகர்க்காரன் முதல் வரியைப் படித்தான். இரண்டாவது வரியில் ஓனரம்மா நிற்பதைப் பார்த்தான். போனைத் தடவி எல்லாவற்றையும் தானே அழித்துவிட்டு, "வெயிலு ஜாஸ்தியா இருக்கு, கெளம்புதேன்" என்றான். எங்களுக்கு அது கேலிக்கூத்தாக இருந்தது. ஆனால் மாடியில் யாரும் அதற்குப் பிறகு அம்மாவை இழுக்கவில்லை.

கலையரசி எழுதியது அதற்கடுத்த கோடையில்.

சிவகங்கைப் பக்கத்துப் பெண். விடுதியில் தங்கி, ஒப்பந்த வேலைக்கு வேனில் போய்வருகிறவள். அவள் எழுதியது சின்னப் பதிவுதான். "வேன்ல தலை எண்ணுறதுக்குக் கை எதுக்கு? கண்ணு போதாதா? எங்க ரூட் இன்சார்ஜ் தோளத் தொட்டு எண்ணுறாரு, இடுப்பத் தொட்டு எண்ணுறாரு. கேட்டா நாளைக்கு வேன்ல ஏறாதங்கிறாரு." கீழே அதே ரூட்டில் போகிற பெண்கள் ஒவ்வொருவராக வந்து 'எனக்கும்' என்று எழுதினார்கள். மதுரை சர்வரில் இருந்தவர்கள் அதைப் பகிர்ந்தார்கள். மலையாளி பகிர்ந்தார். காலை ஷிஃப்ட் முடிவதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது.

அந்த வேன்கள் பாபுவுடையவை. பாபு ஓனரம்மாவின் கூடப்பிறந்த தம்பி.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தபோது செல்வினும் நானும் கீழே தண்ணீர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓனர் எங்களையும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். பாபு சத்தம் போடுகிற ஆள் இல்லை. மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"மாமா, அத்த எடுத்துடுங்க. கம்பெனில காண்ட்ராக்டு போயிடும். நான் போலீஸுக்கும் போகலை, வேற எங்கயும் போகலை. உங்களைக் கேக்காம எதுவும் செய்யக்கூடாதுன்னு நேரா இங்க வந்துகினேன்."

சரியான கதவைத்தான் தட்டினார் பாபு. நானும் செல்வினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கேட்டுவிட்டார். இனி அந்தப் பதிவு அவ்வளவுதான்.

ஓனர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எழுதுனது அந்தப் பொண்ணு. அதை ஒரு வார்த்தை கேட்டுட்டு சொல்றேன்" என்றார்.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஓனரம்மா ஸ்கூட்டியை எடுக்க, பின்னால் உட்கார்ந்து போனார். நாங்கள் பைக்கில் தொடர்ந்தோம். விடுதி வாசலில் கலையரசி மூன்று தோழிகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு நின்றாள். ஓனர் தொண்டையைச் செருமி ஏதோ ஆரம்பித்தார். ஓனரம்மா அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு முன்னால் போனார்.

"அவன் என் தம்பி வச்ச ஆளு. அதான் நானே வந்தேன். நிஜமாம்மா?"

"நெசந்தேங்க்கா."

"எங்க வச்சான் கைய?"

கலையரசி தன் கையை எடுத்துத் தன் உடம்பிலேயே வைத்துக் காட்டினாள். ஓனரம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். "போதும்மா" என்றார்.

ஓனர் சுவரைப் பார்த்துக்கொண்டே, "எடுத்துடச் சொல்றாங்கம்மா. எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"எடுக்க வேணாம்ணே. எடுத்தா நான் பொய் சொன்னதா ஆயிரும்."

திரும்பி வந்தபோது பாபு அதே நாற்காலியில் இருந்தார். ஓனர் நின்றபடியே, "வேணாம் மச்சான். அது இருக்கட்டும். நீ உன் ஆள எடுத்துடு" என்றார்.

கேட்டு வந்தவரிடம் அவர் வேணாம் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பாபுவுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.  எழுந்தார். "தை மாசம் உங்க பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கீங்க. தாய்மாமன்னு மேடையில நான் வந்து நிக்கணுமா, வேணாமா? அதையும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

ஓனர் சமையலறைப் பக்கம் பார்த்தார். உள்ளே ஓனரம்மா மிக்ஸியைப் போட்டார். சட்னி அரைக்கிற சத்தத்தில் பேச்சு முடிந்தது.

அடுத்த வாரமே 'ஒரகடம் சொந்தங்கள்' என்று ஒரு புது சர்வர் முளைத்தது. யார் வேண்டுமானாலும் தனி சர்வர் வைத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லி வந்தோமல்லவா, பாபுவின் அலுவலகத்தில் வேலை பார்த்த ஒருவன் வைத்துக்கொண்டான். அதில் கலையரசியின் படம். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை இங்கே எழுத முடியாது.

விடுதிப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். "நீங்கதான ஓனரு, எடுங்கண்ணே." ஓனர் செல்வினைப் பார்த்தார். செல்வின் தலையைக் குனிந்துகொண்டு விளக்கினான். "அது அவன் சர்வருண்ணே. அவனோட தொடர்பைத் துண்டிச்சிரலாம். நம்ம மாடியில உள்ளவங்களுக்குத் தெரியாது. ஆனா அங்க இருக்கும். அவனோட தொடர்புல உள்ள மத்த சர்வருக்கும் போவும்."

"நாம கதவ மூடிக்கினா தெருவுல நிக்கிறவன் போயிடுவானா?"

"போவ மாட்டாம்ணே."

"ஓனரே கெடையாதுன்னு சொன்னியே அன்னிக்கு, இதானா அது?"

"இதுவும்தாம்ணே."

மாடியின் கதவை மூடச் சொல்லிவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் ஒருவரின் தயவு கேட்டுப் போய் நான் பார்த்தது அன்றுதான். பாபுவின் அலுவலகத்தில் இருந்த அந்தப் பையன் எழுந்துகூட நிற்கவில்லை. "பாபு அண்ணன் சொன்னா எடுக்கறேன், அவரைக் கேளுங்க" என்றான். பாபு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனில் பேசுவதுபோல் இருந்தார். ஓனர் கண்ணாடியைத் தட்டாமல் திரும்பிவிட்டார்.

மீதமிருந்த ஒரே வழி, மற்ற சர்வர்க்காரர்களை எல்லாம் அந்தச் சர்வருக்குக் கதவடைக்கச் சொல்வது. ஒவ்வொருவராகக் கேட்க வேண்டும். அவர் சொல்லச் சொல்லச் செல்வின் எழுதினான். மலையாளி அன்றே அடைத்துவிட்டார். எழுதியவர் புரட்டாசிக்காரர் என்பதே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மதுரை சர்வரை நடத்தியவர் ஒரு கல்லூரி ஆசிரியர். ஆதாரம் கேட்டார், பிறகு தன் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு வைத்தார். "பொண்ணு அழுதுனு கீது, இவங்க கைய தூக்கச் சொல்லி எண்ணினு கீறாங்களா?" என்று ஓனர் குதித்தார். வாக்கெடுப்பு நல்லபடியாகவே முடிந்தது. சென்னையில் சர்வர் வைத்திருந்த ஒருவர் மட்டும் கடைசிவரை மறுத்துவிட்டார். கருத்துச் சுதந்திரம் என்று நீளமாக எழுதியிருந்தார். செல்வின் படித்துக் காட்ட, முழுவதையும் கேட்டுவிட்டு ஓனர் சொன்னார்: "நல்லா எழுதுறான். போட்டோவுல இன்னா கருத்து கீதுன்னு கேளு."

இதற்குள் ஓனரம்மா கலையரசியைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். ஓனரும் நாங்களும் கூடப் போனோம். அங்கிருந்த அதிகாரி நல்ல மாதிரிதான். ஆனால் அவருக்கு விஷயம் பிடிபடவில்லை.

"இது எந்தக் கம்பெனி ஆப்பு?"

"கம்பெனி இல்ல சார்" என்றான் செல்வின்.

"ஹெட் ஆபீஸ் எங்க இருக்கு?"

"ஹெட் ஆபீஸே கெடையாது சார். ஒவ்வொரு சர்வரும் தனித்தனி."

அதிகாரி ஓனரைப் பார்த்தார். "நீங்கதான் ஓனர்ன்றாங்க."

"என் வூட்டுக்கு நான் ஓனரு சார். அவன் வூட்டுக்கு அவன்."

"அப்போ மொத்தத்துக்கும் யாரு பொறுப்பு? நான் யாரைப் பிடிக்கறது?"

நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் விளக்க ஆரம்பித்தோம். ஓனரம்மா மேசைமீது கையை வைத்தார். "போட்டோ போட்டவனைப் பிடிங்க சார்" என்றார்.

அதிகாரிக்கு அது உடனே புரிந்தது. பாபுவின் அலுவலகத்துப் பையனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். மாலைக்குள் படம் அந்தச் சர்வரிலிருந்து போனது. கொஞ்ச நாளில் சர்வரே போனது. கதவுகளெல்லாம் அடைபட்டபிறகு அதில் பாபுவின் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள், அது எத்தனை நாளைக்குச் சுவாரசியப்படும்? சென்னைக்காரரின் சர்வரில் ஒரு பிரதி எவ்வளவு காலம் தங்கியதோ எங்களுக்குத் தெரியாது. கலையரசியிடம் அதைச் செல்வின் மறைக்காமல் சொன்னான்.

வேன் இன்சார்ஜுக்கு என்ன ஆயிற்று என்றால், அவரை வேறு ரூட்டுக்கு மாற்றினார்கள். அந்த ரூட் பெண்கள் அந்த வாரமே மாடியில் கணக்குக் கேட்டு வரிசையில் நின்றார்கள். ஓனர் இந்த முறை யாரையும் போனில் விசாரிக்கவில்லை. ஒரேயடியாகக் கதவைத் திறந்துவிட்டார். அவர்கள் எழுத ஆரம்பித்ததும்தான் கம்பெனி விழித்துக்கொண்டு, அந்த ஆளை அனுப்பிவிட்டு வேன்களில் பெண்களையே இன்சார்ஜாகப் போட்டது. பாபுவின் ஒப்பந்தம் அப்படியேதான் இருந்தது.

கலையரசி ஒருநாள் வந்தாள். "அண்ணே, நான் மதுரை சர்வருக்கு மாறிக்கிறவா? மாடின்னு பேரைப் பாத்தாலே அந்த வேன் பொண்ணான்னு கேக்குறாக." கணக்கைத் தூக்கிக்கொண்டு வேறு சர்வருக்குப் போகலாம், பின்தொடர்கிறவர்களும் கூடவே வந்துவிடுவார்கள் என்பதும் செல்வின் பெருமையாகச் சொன்ன விஷயங்களில் ஒன்று. ஓனர் உடனே, "போம்மா, நல்லா இரு" என்றார். அவள் போனபிறகு செல்வினிடம், "அங்க நம்மள மாதிரி பாத்துக்குவானுங்களா? எதுக்கெடுத்தாலும் ஓட்டுப் போடுவானுங்களே" என்றார். அன்று முழுக்க அவர் முகம் சரியாகவே இல்லை.

தை மாதத்தில் குன்றத்தூரில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். பாபுவுக்குப் பத்திரிகை வைக்க ஓனரும் ஓனரம்மாவும் நேரில் போய் வந்திருந்தார்கள். வாங்கிக்கொண்டாராம், பேசவில்லையாம். வந்துவிடுவார் என்று ஓனர் கடைசிவரை நம்பினார். மண்டப வாசலில் எந்தக் கார் நின்றாலும் எழுந்து எழுந்து பார்த்தார். நாங்கள் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தோம். பாபு வீட்டாருக்கென்று ஒதுக்கிய இரண்டு வரிசை காலியாகவே கிடந்தது.

மேடையில் ஐயர், "தாய்மாமன் பட்டம் கட்ட வாங்கோ" என்று கூப்பிட்டார். பெண்ணின் நெற்றியில் மாமன் கட்ட வேண்டிய பட்டம் தட்டில் இருந்தது. ஒருவரும் எழவில்லை. ஐயர் மறுபடியும் கூப்பிட்டார். நாதஸ்வரம் நின்றுவிட்டது. உறவுக்காரர்கள் ஒருவர் காதில் ஒருவர் குனிந்தார்கள். ஓனர் மேடை ஓரத்தில் நின்று, யாராவது பங்காளி வீட்டு மச்சான் முறை அகப்படுவானா என்று கூட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஓனரம்மா மேடையேறினார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தட்டிலிருந்து பட்டத்தை எடுத்து, மகள் முன்னால் நின்று, நெற்றியில் வைத்து, பின்னால் முடிச்சுப் போட்டார். "அம்மா கட்டறது வழக்கமில்லையே" என்று ஐயர் மெதுவாகச் சொன்னார். "அவன் அக்காதானே நானு" என்றார் ஓனரம்மா.

ஓனர் அப்படியே நின்றார். தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அதைச் செல்வின் போட்டோ எடுத்துவிட்டான். எடுத்ததோடு நில்லாமல், ஏதோ ஒரு நெகிழ்ச்சியில், கல்யாணப் படங்களோடு மாடியிலும் போட்டுவிட்டான்.

மறுநாள் காலை மொட்டைமாடிக்கு வந்தார். கண் வீங்கியிருந்தது. அவர் மகள் புருஷன் வீட்டிலிருந்து போன் செய்து, அப்பா அழுகிற படத்தைத் தூக்கச் சொல்லியிருக்கிறாள்.

"எடுத்துடுறா அத்த" என்றார்.

"எடுத்துட்டேம்ணே, காலையிலேயே." செல்வின் தயங்கினான். "நம்ம மாடியிலதான் எடுக்க முடிஞ்சிது. மதுரையில கலையரசி பகிர்ந்திருக்கு. அதுலேருந்து வேற வேற சர்வருக்குப் போயிருக்கு. எடுக்கச் சொல்லித் தகவல் போவும். சிலரு எடுப்பாங்க, சிலரு எடுக்க மாட்டாங்க. ஒவ்வொருத்தரா எழுதிக் கேக்கட்டுமா?"

ஓனர் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார். போனை வாங்கி, அந்தப் படத்துக்குக் கீழே கலையரசி எழுதியிருந்ததைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார். 'எங்க அண்ணன்' என்று மட்டும் எழுதியிருந்தாள்.

"வேணாம் வுடு, சுத்தட்டும்" என்றார். போனை உடனே திருப்பித் தரவில்லை.